கார்மேகத்துக்கு ரிமினியில் விடுமுறை

எங்கள் கம்பெனியில் ஓர் ஆள் செத்துப்போனால் இரண்டு பக்கப் படிவம். விடுமுறையில் போனால் நான்கு பக்கம். செத்தவர் திரும்பி வரமாட்டார், அவரைப் பற்றிக் கம்பெனி மேற்கொண்டு கவலைப்பட வேண்டியதில்லை என்பதுதான் வித்தியாசம்.

இந்த நான்கு பக்கம் எண்பத்து நாலாம் வருஷம் மார்ச்சில் மிலானில் இருக்கும் தலைமை அலுவலகத்திலிருந்து குவைத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்பு வெள்ளைத்தாளில் 'ஊருக்குப் போகணும்' என்று எழுதிக் கீழே கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முப்பது நாள் லீவும் டிக்கெட்டும் கிடைத்துவிடும். புதிய படிவத்தில் முப்பத்தொரு கேள்விகள். எட்டாவது கேள்வி, 'விடுமுறையைக் கழிக்கத் தேர்ந்தெடுத்துள்ள இடம்'. ஒன்பதாவது, 'அதைத் தேர்ந்தெடுத்த காரணம்'. பதினேழாவது, 'உடன் அழைத்துச் செல்லும் செல்லப் பிராணிகள்'.

நான் குவைத்தில் ஃபர்வானியா ஆபீசில் பெர்சனல் பிரிவு டைப்பிஸ்ட். இலங்கையில், நுவரெலியாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்திலிருந்து முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அந்தப் பட்டத்தைக் கொண்டு அந்தப் படிவத்தை இருநூறு பிரதி எடுத்தேன். கூடவே ஒரு சுற்றறிக்கையும் அடித்தேன்: 'படிவத்தை மாதிரியில் உள்ளபடியே நிரப்ப வேண்டும். மாதிரியிலிருந்து மாறுபடும் படிவங்கள் நிராகரிக்கப்படும்.'

மாதிரிக்கு யாருடைய படிவத்தை ஒட்டுவது என்று விடுமுறைத் திட்டமிடல் குழு மூன்று கூட்டம் போட்டது. கடைசியில் ஜி.எம். தமக்காக நிரப்பிய படிவமே தேர்வானது. எங்கள் ஜி.எம். இத்தாலியர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் குடும்பத்தோடு ரிமினி என்ற கடற்கரை ஊருக்குப் போய் ஒரு மாதம் மணலில் படுத்திருப்பார். அவர் பெயரை மட்டும் தாள் ஒட்டி மறைத்து, கேம்ப் மெஸ்ஸில் சாம்பார் அண்டாவுக்கு மேலே படிவத்தை மாட்டினார்கள்.

கேம்ப்பில் யாருக்குப் படிவம் என்றாலும் நிரப்பிக் கொடுப்பவர் டைம்கீப்பர் சுஐபு. கீழக்கரைக்காரர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். முந்தின வருஷம் இன்ஷூரன்ஸ் படிவத்தின் மாதிரி கறுப்பு மையில் இருந்தது. அவர் நீல மையில் நிரப்பினார். பதினொரு பேருடைய படிவங்கள் திரும்பி வந்தன. அன்றிலிருந்து சுஐபு மாதிரியைப் பார்த்து எழுதுவதில்லை, வரைகிறார்.

புதிய படிவத்தில் அவர் வரைந்த முதல் ஆள் கார்மேகம்.

கார்மேகம் கமுதிப் பக்கத்துக்காரர். சாரம் கட்டும் வேலை. ஏழாவது மாடி உயரத்தில் ஒற்றைக் குழாயில் நின்று முடிச்சுப் போடுவார். ஆபீஸ் வாசல்படியில் ஏறும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்வார். வயது இருபத்தொன்பது. ஆவணி பதினாலு, வியாழக்கிழமை, அவருக்குக் கல்யாணம். பெண் தாய்மாமன் மகள் தாமரை. இந்தக் கல்யாணம் ஏற்கெனவே இரண்டு முறை தள்ளிப்போனது. இரண்டு முறையும் காரணம் எங்கள் ஆபீஸ்தான்.

குழு வழக்கமாக இரண்டு மாதம் எடுத்துக்கொள்ளும். கார்மேகத்தின் படிவம் பதினொரு நாளில் அங்கீகாரமானது. அவ்வளவு பிழையில்லாத படிவத்தை அவர்கள் பார்த்ததே கிடையாது. ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார்.

"மேடம், டிக்கெட்டு மதுரைக்குத்தான போட்ருக்காக?"

வாங்கிப் பார்த்தேன். "ரிமினின்னு போட்டிருக்கு."

"அது பரமக்குடிக்கு அங்கிட்டா, இங்கிட்டா?"

"இத்தாலி. கடற்கரை."

"அங்க எனக்கு என்ன வேலை மேடம்?"

"வேலை இல்லை. சும்மா இருக்கணும்."

"சும்மா இருக்க அம்புட்டுத் தூரம் போகணுமா?"

சுஐபுவைப் போனில் பிடித்தேன். "மேடம், எனக்குப் புரிஞ்சதையெல்லாம் மாத்திட்டேன். பேரு, நம்பரு, பிறந்த தேதி எல்லாம் சரியா இருக்கும். பொஞ்சாதி, ரெண்டு பொம்பளப் புள்ளன்னு இருந்துச்சு, அதையும் எடுத்துட்டேன். இவருக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையே. ரிமினிங்கிறதை டிக்கெட் ஏஜெண்டு பேருன்னு நெனச்சேன். எல்லாருக்கும் ஒரே ஏஜெண்டுதானே?"

"பதினேழாவது கேள்வியில நாய் ஒண்ணுன்னு இருக்கே சுஐபு பாய்?"

"நாய் யாருட்ட வேணாலும் இருக்கலாமேன்னு விட்டுட்டேன் மேடம்."

கார்மேகத்தை அழைத்துக்கொண்டு லீவு செக்‌ஷன் ஆபீசர் ஆனந்தராசாவிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பத்திரண்டு வயது. நாற்பத்தெட்டு டிகிரி வெயிலிலும் டை கட்டி வருவார். விதிப் புத்தகத்தை அவர் திறப்பதில்லை. மேலே கையை வைத்துக்கொண்டே சொல்வார்.

"சார், தப்பு நடந்துபோச்சு. எட்டாம் கேள்வியில ரிமினியை வெட்டிட்டு மதுரைன்னு எழுதினா முடிஞ்சிது."

"வெட்டுறதோ?" அவர் நிமிர்ந்து பார்த்தார். "வெட்டினா அது மாதிரியைப் போல இராதே, பிள்ளை."

"அவர் இத்தாலிக்குப் போகப்போறதே இல்லை சார்."

"அவர் எழுதினவர். குழு அங்கீகரிச்சது. பதினாலாம் விதி என்ன சொல்லுது? அங்கீகரிச்ச இடத்தை மாத்திறதெண்டால் விண்ணப்பத்தை மீளப்பெற வேணும். மீளப்பெற்றால் அடுத்த விண்ணப்பம் இருபத்திநாலு மாதத்துக்குப் பிறகு."

கார்மேகம் ஓர் அடி முன்னால் வந்தார். "அய்யா, எனக்குக் கல்யாணம்ங்க. மாப்பிள்ளையே நாந்தாங்க."

"மெத்தச் சந்தோசம். அதுக்கு வேற படிவம் இருக்குது, தம்பி. ஆனா அதைக் கலியாணம் முடிஞ்ச பிறகுதான் நிரப்பலாம்."

ஆனந்தராசாவாவது விதிக்குப் பயந்தார். குழுவின் தலைவரான வெல்ஃபேர் ஆபீசர் வெங்கட்ராமன் சந்தோஷத்தில் இருந்தார். அது இன்னும் மோசம். இரண்டு வருஷத்துக்கு முன்பு மிலானில் 'சம விடுமுறை' என்று ஒரு கொள்கை அறிவித்திருந்தார்கள். ஜி.எம். முதல் கூலியாள் வரை எந்த ஊழியரும் உலகத்தின் எந்த இடத்திலும் விடுமுறையைக் கழிக்கலாம். காலாண்டுக்கு ஒருமுறை 'ஐரோப்பிய ஓய்விடத்துக்குச் சென்ற தொழிலாளர் எண்ணிக்கை' என்ற கட்டத்தில் நான் பூஜ்யம் அடித்து அனுப்புவேன். இப்போது முதன்முதலாக ஒன்று.

"மிஸ் நாகவள்ளி, இதை நீங்க தப்புங்கறேள். நான் சரித்திரம்ங்கறேன்," என்றார் வெங்கட்ராமன். "அந்தக் காலத்துல மேனேஜ்மெண்ட் லேபரை மாடு மாதிரி நடத்தித்து. நாங்க மனுஷாளா மதிக்கறோம். அதனாலதான் அவா வாயால சொல்றதைக் காதுலயே போட்டுக்கறதில்லை. எழுத்துல என்ன குடுத்திருக்கான்னுதான் பாக்கறோம்."

நான் பதில் சொல்லியிருந்தால் அதையும் எழுத்தில் கேட்டிருப்பார்.

ஜூனில் குழு கார்மேகத்தைக் கூப்பிட்டது. ரிமினியில் ஒவ்வொரு நாளையும் எப்படிக் கழிக்கப்போகிறார் என்று மணிவாரியாகத் திட்டம் கொடுக்க வேண்டும். குறிப்பெடுக்க நான் உட்கார்ந்தேன். கார்மேகம் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"காலம்பற எட்டு மணிக்கு என்ன பண்ணுவே?" என்று வெங்கட்ராமன் ஆரம்பித்தார்.

"பல்லு வெளக்கி, டீ குடிச்சிட்டு, டூட்டிக்குப் போவேங்க."

"அங்கே டூட்டி கிடையாது. கடற்கரையில குடைக்குக் கீழே படுத்துண்டிருக்கணும்."

"யாருங்கய்யா குடை பிடிப்பாக?"

"அது மணல்ல நட்டிருக்கும்."

"எம்புட்டு நேரம் படுத்துருக்கணும்?"

"மத்தியானம் வரைக்கும்."

"ஃபோர்மேன் ஒண்ணும் சொல்ல மாட்டாராய்யா?"

"ஃபோர்மேனும் படுத்துண்டிருப்பார். அங்கே எல்லாரும் அப்படித்தான். வெயில் மேல படப்பட உடம்பு கறுக்கும். அதுக்காகவே பணத்தைக் கொட்டிண்டு ஜனங்க போறா."

கார்மேகம் தம் முன்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அது எனக்கு இங்கயே ஆயிருச்சுங்கய்யா."

'முன்தயாரிப்பு திருப்திகரம்' என்று எழுதிக்கொள்ளச் சொன்னார் வெங்கட்ராமன்.

அடுத்து நாய். குழுவில் இருந்த ஆனந்தராசா பதினேழாம் கேள்வியில் விரலை வைத்தார். நாயின் பெயர் என்ன, தடுப்பூசிச் சான்றிதழ் எங்கே? தன்னிடம் நாயே கிடையாது என்றார் கார்மேகம். "படிவத்திலை இருக்குது," என்றார் ஆனந்தராசா. கேம்ப் வாசலில் ஒரு செவலை நாய் திரிகிறதே, அதுதானா என்று கேட்டார். அது எல்லாருடைய நாய் என்றார் கார்மேகம். பொதுச் சொத்தை விடுமுறைக்கு எடுத்துச் செல்லலாமா என்ற கேள்வி எழுந்தது. முக்கால் மணி நேரம் பேசி, நாய் இன்னும் இரண்டு வருஷ சேவையை முடிக்காததால் அதன் விடுமுறை விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதாகத் தீர்மானம் போட்டார்கள்.

"அய்யா," என்று கார்மேகம் எழுந்து நின்று கும்பிட்டார், "அந்த நாய்க்குச் செஞ்ச மாதிரியே ரிமினியிலேருந்து என்னையும் எடுத்துவிட்டுருங்க. புண்ணியமாப் போகும்."

"உனக்கு ரெண்டு வருஷம் முடிஞ்சுடுத்தேப்பா. உன் உரிமையை நாங்க எப்படிப் பறிக்கறது?" என்றார் வெங்கட்ராமன். அவர் குரல் தழுதழுத்தது என்றே நினைக்கிறேன்.

ஜூலையில் மிலானிலிருந்து கம்பெனிப் பத்திரிகைக்குப் படம் கேட்டார்கள். விடுமுறைக்குப் போய்விட்டு வந்த பிறகு எடுத்தால் இதழுக்குப் பிந்திவிடும் என்பதால், ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கார்மேகத்தைக் குவைத் கடற்கரைக்கே அழைத்துப் போனார்கள். ஜி.எம். வீட்டிலிருந்து குடையும் சாய்வு நாற்காலியும் வந்தன. நீச்சலுடையும் வந்தது. கார்மேகம் அதைக் கையில்கூட வாங்க மாட்டேன் என்றுவிட்டார்; கைலியோடு உட்கார்ந்தார். கேமராவைத் தூக்கும் நேரத்தில் சேஃப்டி ஆபீசர் ஓடி வந்து ஒரு விதியைக் காட்டினார். ஒரு மீட்டருக்கு மேல் ஆழமான தண்ணீருக்குப் பக்கத்தில் கம்பெனி ஆள் யாராக இருந்தாலும் ஹெல்மெட்டும் பெல்ட்டும் போட்டிருக்க வேண்டும். கடலின் ஆழம் ஒரு மீட்டருக்கு மேல்தான் என்று எழுத்தில் உறுதிசெய்யப்பட்டது. கார்மேகத்தின் தலையில் மஞ்சள் ஹெல்மெட்டை வைத்து, இடுப்பில் பெல்ட்டை மாட்டி, பெல்ட்டின் கயிற்றைக் குடைக் கம்பில் கட்டினார்கள்.

கார்மேகம் முடிச்சைத் திரும்பிப் பார்த்தார். "இது நிக்காதுங்க," என்று அவிழ்த்து, அவரே சரியாகக் கட்டிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். அவர் முகத்தில் கொஞ்சமாவது நிம்மதி தெரிந்த அந்த நொடியில் படம் எடுத்தார்கள்.

ஜூலைக் கடைசியில் தாமரையின் கடிதம் வந்தது. கார்மேகம் அதை மடித்த கையோடு கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். "நீங்களே படிங்க மேடம். எனக்கு ரெண்டாவது தடவை படிக்கத் தெம்பில்லை."

படித்தேன்.

'மாமா, நீங்க இத்தாலிக்குக் கடல்ல குளிக்கப் போறதா ஊரெல்லாம் பேச்சு. மொதத் தடவை பாஸ்போர்ட்டு ஆபீஸ் பெட்டிக்குள்ள இருக்கு, சாவி வச்சிருக்கிறவரு லீவுன்னு எழுதுனீங்க. ரெண்டாந் தடவை சைட்டுல ஆள் பத்தலைன்னு எழுதுனீங்க. அதை நம்புனேன். இதை எப்பிடி நம்புறது? ஆவணி பதினாலைத் தாண்டுனா என்னையக் கூட்டுறவுச் சங்கத்துக் கிளார்க்குக்குக் குடுத்துருவேன்னு அப்பா சொல்லிட்டாரு. பந்தலுக்குச் சொல்லியாச்சு, சமையலுக்குச் சொல்லியாச்சு. மணவறையில பக்கத்துல யாரு வந்து உக்காந்தாலும் நான் உக்காந்துதான் ஆகணும்னு வச்சிருக்காக. வருவீங்களா மாட்டீங்களா? ஒத்தை வரி போதும்.'

"என்ன எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"வருவேன்னு எழுதிட்டேன் மேடம். எப்பிடின்னுதான் எழுதல."

ஆகஸ்ட் பதினொன்று வந்தது. படிவத்தின்படி கார்மேகத்தின் விடுமுறை அன்று தொடங்கியது. ஆனால் இத்தாலியத் தூதரகத்தில் கம்பெனி கேட்டிருந்த விசா வரவில்லை. ஹோட்டல் முன்பதிவும் பாங்க் கணக்கும் கேட்டு மரியாதையாக ஒரு காகிதம்தான் பாஸ்போர்ட்டோடு திரும்பி வந்தது. விசா இல்லாமல் ரோமுக்கு டிக்கெட் போட முடியாது. டிக்கெட் இல்லாததால் ஆள் கேம்ப்பில் இருந்தார். ரெஜிஸ்டரில் ரிமினியில் இருந்தார்.

பன்னிரண்டாம் தேதி காலையில் அவர் சைட் பஸ்ஸில் ஏறப் போனபோது ஃபோர்மேன் இறக்கிவிட்டார்: லீவில் இருக்கிறவனுக்கு டூட்டி கிடையாது. மெஸ்ஸில் தட்டோடு நின்றபோது பட்டியலில் பெயர் இல்லை: இத்தாலியில் இருக்கிறவனுக்கு இங்கே சாப்பாடு கிடையாது. பதிமூன்றாம் தேதி கட்டில் எண்ணையும் எடுத்துவிட்டார்கள். கார்மேகம் சுஐபுவின் தட்டில் பாதி சாப்பிட்டு, சுஐபுவின் கட்டிலுக்குக் கீழே படுத்து, இரண்டு வாரம் ரிமினியில் ஓய்வெடுத்தார்.

பகலில் ஆபீஸ் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஒருநாள் ஆனந்தராசா அவரைத் தாண்டிப் போனார். "என்ன தம்பி, விடுமுறை எப்பிடிப் போகுது?" என்று கேட்டார். கிண்டல் இல்லை. அப்படிக் கேட்கத்தான் அவருக்குத் தெரியும்.

"முடியலய்யா," என்றார் கார்மேகம்.

எனக்கு அன்று வந்த கோபத்தில் அந்த டைப்ரைட்டரையே தூக்கி ஜன்னல் வழியாக எறிந்திருப்பேன். அதற்கும் படிவம் இருக்கிறது என்பதால் உட்கார்ந்து விதிப் புத்தகத்தைப் படித்தேன். முழுசாக, முதல் பக்கத்திலிருந்து. அந்த ஆபீசில் அதைத் திறந்து படித்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்; சில பக்கங்கள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. போகும் இடத்தை மாற்றக் கூடாது என்று பதினாலாம் விதி சொன்னது. போகும் வழியைப் பற்றி ஒரு விதியும் வாயைத் திறக்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி காலையில் ஒரு குறிப்பு அடித்து ஆனந்தராசா முன்னால் வைத்தேன். 'விண்ணப்பதாரர் தமது விசாவைச் சொந்த நாட்டில் பெற்றுக்கொள்வது வசதி. எனவே பயண வழி: குவைத் – பம்பாய் – மதுரை, அங்கே விசாவுக்காகக் காத்திருத்தல், பின்னர் ரோம் – ரிமினி. முதற்கட்ட டிக்கெட் மட்டும் இப்போது வழங்கலாம்.'

அவர் மூன்று முறை படித்தார்.

"இதிலை எட்டாம் கேள்வி மாறேல்லையே?"

"மாறலை சார்."

"ரிமினி ரிமினியாத்தான் இருக்குதோ?"

"அது எங்க சார் போகப்போகுது?"

"காத்திருக்கிறது எத்தினை நாளெண்டு விதியிலை இருக்கோ?"

"இல்லை சார். பார்த்துட்டேன்."

"நீர் பார்த்தனீரோ?" அவர் என்னைக் கொஞ்சம் பயத்தோடு பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றிக் கையெழுத்துப் போட்டார். தாளைத் திருப்பிக் கொடுக்கும்போது குரலைத் தாழ்த்தினார். "ஆவணி பதினாலுக்கு அஞ்சு நாள்தான் கிடக்கு, பிள்ளை. கெதியா டிக்கெட்டை எடுப்பியுங்கோ. பம்பாயிலை ரெயில் பிடிக்கவே ரெண்டு நாள் போம்."

கார்மேகம் கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை ஐந்து மணிக்கு ஊர் போய்ச் சேர்ந்தார். மறுநாள் காலை ஏழரை மணிக்குத் தாலி கட்டினார். விசாவுக்காக ஒரு வாரம் காத்திருந்தார். செப்டம்பர் பத்தாம் தேதி முப்பது நாளும் முடிந்து குவைத் வந்து இறங்கினார்.

அதோடு இதை முடித்திருக்கலாம். ஆனால் கார்மேகம் நேர்மையான ஆள். வந்த மறுநாளே என் மேசையில் அதிரசப் பொட்டலத்தை வைத்துவிட்டு, கல்யாணம் முடிந்த பிறகு நிரப்ப வேண்டிய அந்தப் படிவத்தைக் கேட்டார். சைட்டில் தமக்கு ஏதாவது ஆனால் கம்பெனி கொடுப்பது தாமரைக்குப் போய்ச் சேர வேண்டும். அதற்கு அவள் பெயர் ரெஜிஸ்டரில் ஏற வேண்டும். ஏழாவது மாடியில் வேலை செய்கிறவர் கேட்கக்கூடிய சாதாரண விஷயம்.

படிவம் குழுவுக்குப் போனது. வெங்கட்ராமன் மேசைமேல் பளபளவென்று புதிய பத்திரிகை. மூன்றாம் பக்கத்தில் ஹெல்மெட்டோடு கார்மேகம். 'அட்ரியாட்டிக் கடற்கரையில் நம் தொழிலாளி' என்று தலைப்பு.

"கல்யாணம் எப்போன்னு போட்டிருக்கே? ஆகஸ்ட் முப்பது. ஆகஸ்ட் முப்பது நீ ரிமினியில இருந்தியேப்பா."

"இல்லைங்கய்யா. எங்க மாமா வீட்டு வாசல்ல இருந்தேன்."

"பாரு, மிலான்ல பிரிண்டே ஆயிடுத்து. நீ அங்கே இல்லேன்னா லீவைத் தப்பா உபயோகிச்சேன்னு ஆகும். வேலை போயிடும். நாங்க அதை விரும்பலை. உனக்குக் கல்யாணம் ஆனது உண்மை. நீ ரிமினியில இருந்ததும் உண்மை. ரெண்டு உண்மையையும் சேர்த்து வெச்சா என்ன வரது?"

ஆனந்தராசா, என் பக்கம் பார்க்காமல், படிவத்தில் எழுதினார்: 'திருமணம் நடைபெற்ற இடம்: ரிமினி கடற்கரை.'

வெளியே வந்ததும் கார்மேகம் கேட்டார். "மேடம், இது செல்லுமா?"

"கம்பெனிக்குள்ள செல்லும்."

"ஊர்ல?"

"ஊர்ல நடந்தது ஊர்ல செல்லும்."

"அப்ப எனக்கு ரெண்டு கல்யாணமா?"

"பொண்டாட்டி ஒருத்திதானே?"

"ஒருத்திதான் மேடம். அவளே போதும்."

இதற்குள் வெங்கட்ராமனுக்கு இன்னொரு யோசனை. கல்யாணமான ஊழியரின் மனைவிக்கு ஜி.எம். கையெழுத்தில் வாழ்த்துக் கடிதம் போக வேண்டும்; அதுவும் அவரவர் தாய்மொழியில், பத்திரிகைப் படத்தோடு. அடிக்கச் சொன்னார். அடித்தேன். 'திருமதி தாமரை கார்மேகம் அவர்களுக்கு. அழகிய ரிமினி கடற்கரையில் இனிதே நடந்தேறிய தங்கள் திருமணத்துக்கு எங்கள் நல்வாழ்த்துகள். அந்த இனிய நாளின் நினைவாக இத்துடன் ஒரு படம்...'

"சார், இது போனா குடும்பத்துல சண்டை வரும்," என்றேன்.

"வெல்ஃபேர் லெட்டரால எப்படிம்மா சண்டை வரும்?"

நவம்பரில் பதில் வந்தது. உறையில் கம்பெனி விலாசம். இந்திய ஸ்டாம்ப்பைப் பார்த்ததுமே வெங்கட்ராமனுக்கு வாயெல்லாம் பல். "ஊழியர் குடும்பத்துலேருந்து வந்த முதல் நன்றிக் கடிதம்," என்று குழுவைக் கூட்டினார். ஜி.எம்.மையும் அழைத்து நடுவில் உட்காரவைத்தார். தமிழில் இருந்ததால் உறையைப் பிரித்து நிறுத்தி நிதானமாகப் படிக்கும்படி என்னிடம் கொடுத்தார். ஒரு வரிகூட விடாமல் படித்தேன்.

'கம்பெனிக்காரவுகளுக்குத் தாமரை எழுதுறது. உங்க லெட்டரும் போட்டோவும் வந்துச்சு. தபால்காரரு அதை டீக்கடையிலயே பிரிச்சுப் படிச்சுட்டாரு. எங்க வீட்டுக்காரரு இத்தாலியில இன்னொருத்தியக் கட்டிக்கிட்டாருன்னும், அவ பேரும் தாமரைதான்னும் மூணு நாளா ஊரே பேசிக்கிட்டுக் கெடக்கு. போட்டோவுல அவரு தலையில சட்டியைக் கவுத்து, இடுப்புல கயித்தைப் போட்டுக் கம்புல கட்டி வச்சிருக்கீங்க. எங்க வீட்டு ஆட்டைக் கூட நாங்க நிழலா பாத்துத்தான் கட்டுவோம். நான் கடற்கரையைக் கண்ணால பாத்ததில்லை. எங்கப்பா வாசல்ல பந்தல் போட்டு, நூத்தி முப்பது பேரு சாப்பிட்டு, எனக்குக் கல்யாணம் நடந்துச்சு. அந்த நூத்தி முப்பது பேரையும் எனக்குத் தெரியும். நீங்க பொஸ்தகத்துல எழுதி வச்சிருக்கிற கல்யாணத்துக்கு யாரு வந்தது? தாலியை யாரு எடுத்துக் குடுத்தது? யாருக்குப் பந்தி போட்டீக? எங் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். அங்க உங்க ஆபீஸ்ல ஒருத்தரையும் பாக்கல.'

நான் கடிதத்தை மடித்தேன். ஜி.எம். புன்னகையோடு மெதுவாகக் கைதட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டார்.

"இதுல நன்றின்னு எங்கயாவது வரதா?" என்று கேட்டார் வெங்கட்ராமன்.

"இல்லை சார்."

"பின்னே என்னதான் கேக்கறா அந்தப் பொண்ணு?"

"அவங்க கல்யாணத்தைத் திருப்பிக் கேக்குறாங்க."

ஆனந்தராசா மேசை இழுப்பறையைத் திறந்தார். அதிலுள்ள படிவங்களை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே வைத்து, அடி வரைக்கும் தேடினார்.